நேரலை வேறு, நிகழ்நேரம் வேறு: குரல், காணொளித் தளத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்

செயலியில் காணொளி அழைப்பு வசதி வேண்டும் என்று முடிவானதும், பல குழுக்களில் விவாதம் இரண்டே வாக்கியங்களில் முடிந்துவிடுகிறது. "வெப்ஆர்டிசி இலவசம்தானே, நாமே எழுதிவிடலாம்" என்பார் ஒருவர்; உலாவிகளிலும் செயலிகளிலும் குரல், காணொளி அழைப்பை நடத்தும் திறந்த மூல மென்பொருள்தான் வெப்ஆர்டிசி. "எதற்கு வம்பு, ஏதாவது ஒரு எஸ்டிகேயை வாங்கிப் பொருத்தினால் இரண்டு நாளில் வேலை முடிந்துவிடும்" என்பார் இன்னொருவர்; ஒரு நிறுவனத்தின் சேவையைச் செயலிக்குள் பொருத்திக்கொள்ள அந்நிறுவனமே தரும் ஆயத்த நிரல் தொகுப்புதான் எஸ்டிகே. இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. விடுபட்ட பாதி, பயனரின் கைப்பேசியில் குரல் துண்டு துண்டாகக் கேட்கும்போதோ மாதக் கடைசியில் கட்டணச் சீட்டு வரும்போதோதான் தெரியவரும். இத்துறைக்குப் புதிதாக வரும் நிரலாளர்களுக்கு, எந்த நிறுவனம் சிறந்தது என்ற கேள்விக்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை மட்டும் இங்கே விளக்குகிறேன்.

"ம்" கொட்டும் நேரம்

கைப்பேசியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கையில், தொலைக்காட்சி ஓடும் பக்கத்து வீட்டில் முதலில் ஆரவாரம் எழுவதையும், அதன்பின் பல நொடிகள் கழித்து நம் திரையில் அந்தச் சிக்ஸர் பறப்பதையும் எல்லோரும் அனுபவித்திருப்போம். இணையவழி நேரலைக்குப் பரவலாகப் பயன்படுவது, ஆப்பிள் நிறுவனம் 2009-இல் அறிமுகப்படுத்திய எச்எல்எஸ் என்ற முறை. அதில் காணொளி சில நொடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டப்பட்டு, சாதாரண இணையக் கோப்புகளைப் போலவே பயனருக்கு அனுப்பப்படுகிறது. இரண்டு மூன்று துண்டுகள் கையில் சேர்ந்த பிறகே பிளேயர் ஓடத் தொடங்கும் என்பதால், தாமதம் அந்த முறையின் அமைப்பிலேயே இருக்கிறது. ஆட்டத்தைப் பார்ப்பதற்கு அது தடையில்லை.

உரையாடல் அப்படிப்பட்டதல்ல. பாட்டி கதை சொல்லும்போது பேரன் "ம்" கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த "ம்" சற்றுப் பிந்தினாலும் பாட்டி கதையை நிறுத்திவிட்டுத் தூங்கிவிட்டானா என்று பார்ப்பார். தொலைபேசியிலும் இதுவேதான் நடக்கிறது. பதில் பிந்தினால் பேசியவர் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்கிறார், அதற்குள் பதிலும் வந்து சேர்கிறது, இருவர் பேச்சும் மோதுகின்றன. பேசுபவரின் வாயிலிருந்து கேட்பவரின் காதுக்கு ஒலி சென்றுசேர எடுக்கும் நேரத்தையே இங்கே தாமதம் என்கிறோம். இந்த ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் பெரும்பாலான உரையாடல்கள் இயல்பாக இருக்கும் என்றும், வலையமைப்பைத் திட்டமிடும்போது 400 மில்லிநொடியைத் தாண்டக் கூடாது என்றும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை கூறுகிறது. ஒரு மில்லிநொடி என்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

ஆகவே முதல் கேள்வி, உங்கள் பயனர்களில் எத்தனை பேர் பதில் பேசப் போகிறார்கள் என்பதுதான். ஒருவர் பேசப் பத்தாயிரம் பேர் பார்ப்பது மட்டுமே தேவை என்றால், அது நேரலை. அதற்கு மலிவான, நன்கு பழகிய வழிகள் ஏற்கெனவே உள்ளன. பார்ப்பவர் எவரும் எந்நேரமும் குறுக்கிட்டுப் பேசலாம் என்றால்தான் அது நிகழ்நேரம். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் பத்தாயிரம் பார்வையாளர்களையும் நிகழ்நேரத் தளத்தில் ஏற்றிவிட்டுச் செலவைக் கண்டு திகைப்பவர்கள் குறைவில்லை.

150 மில்லிநொடி எங்கே செலவாகிறது

பேச்சு தொடர்ச்சியாக ஓடும் கம்பியாக இணையத்தில் செல்வதில்லை. அது சிறு சிறு துண்டுகளாக நறுக்கப்பட்டு, ஒவ்வொன்றும் தனித்தனி உறையில் அனுப்பப்படுகிறது. அந்த உறையே பாக்கெட். ஒலியையும் காட்சியையும் சுருக்கி உறையில் இடும் முறைக்கும், மறுமுனையில் விரித்தெடுக்கும் முறைக்கும் சேர்த்துக் கோடெக் என்று பெயர். 2012-இல் தரநிலையாக வெளியான ஓபஸ் என்ற கோடெக்தான் இன்று இணையவழிக் குரலுக்கு வழக்கமானது. அது பொதுவாக 20 மில்லிநொடிப் பேச்சை ஒரு பாக்கெட்டில் வைப்பதால், நொடிக்கு 50 உறைகள் கிளம்புகின்றன.

வழியில் ஓர் உறை தொலைந்துவிட்டால் என்ன செய்வது? சுற்றுலாப் பேருந்தில் ஒரு பயணி வரவில்லை என்றால் அவர் வரும்வரை மொத்த வண்டியும் நிற்கும். நகரப் பேருந்து யாருக்காகவும் நிற்காது. கோப்புகளையும் இணையப் பக்கங்களையும் கொண்டுசெல்லும் டிசிபி என்ற நெறிமுறை முதல் வகை: தொலைந்ததைத் திரும்பக் கேட்டு வாங்கி, வரிசை சரியான பின்பே அடுத்ததைக் கொடுக்கும். யுடிபி இரண்டாம் வகை. வங்கிக் கணக்கு விவரத்தில் ஓர் எண் தவறினால் விபரீதம். பேச்சில் 20 மில்லிநொடி தவறினால் காது பெரும்பாலும் அதைக் கவனிப்பதேயில்லை, ஆனால் அதற்காகக் காத்திருந்தால் உரையாடலே கெட்டுவிடும். நிகழ்நேரத் தளங்கள் முடிந்தவரை யுடிபியையே நாடுவதற்கு இதுவே காரணம்.

தொலையாத உறைகளும் சீராக வந்து சேர்வதில்லை. சில முந்தும், சில பிந்தும். இந்த ஏற்றத்தாழ்வுக்கு ஜிட்டர் என்று பெயர். குடிநீர் வாரியத்தின் தண்ணீர் விட்டுவிட்டு வந்தாலும் மொட்டைமாடித் தொட்டி இருப்பதால் குழாயில் சீராகக் கொட்டுவதைப் போல, வரும் பாக்கெட்டுகளைச் சற்றுத் தேக்கிவைத்து ஒரே சீராக வெளியிடும் ஒரு சிறு தொட்டி ஒவ்வொரு அழைப்பிலும் உண்டு. தொட்டி பெரிதானால் ஒலி சீராகும், தாமதம் கூடும். சிறிதானால் தாமதம் குறையும், ஒலி திக்கும். இந்தத் தொட்டியின் அளவை நொடிக்கு நொடி எவ்வளவு சாமர்த்தியமாக மாற்றுகிறது என்பதில்தான் ஓர் அழைப்பு மென்பொருளின் திறமை பெரிதும் அடங்கியிருக்கிறது.

எந்தச் சாமர்த்தியத்தாலும் குறைக்க முடியாத செலவு, தூரம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் வேகத்தில்தான் செல்லும். சென்னைக்கும், பெரிய மேகக்கணினி மையங்கள் பல அமைந்துள்ள அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்கும் நேர்க்கோட்டுத் தூரமே சுமார் 13,700 கிலோமீட்டர். கடலடி இழைகளின் உண்மையான பாதை இன்னும் நீளம். சென்னையில் அடுத்தடுத்த தெருவில் இருக்கும் இருவர் வர்ஜீனியாவில் உள்ள ஒரு சர்வர் வழியாகப் பேசினால், குரல் அங்கே போய்த் திரும்புவதற்கே குறைந்தது 137 மில்லிநொடி ஆகும். கோடெக்கும் தொட்டியும் எடுத்துக்கொள்ளும் நேரத்துக்கு மிச்சம் எதுவும் இல்லை. அதே சர்வர் மும்பையில் இருந்தால் இந்தத் தூரச் செலவு ஏறத்தாழ 10 மில்லிநொடிதான். விலைப்பட்டியலில் "அதிவேகம்" என்று எழுதாத நிறுவனமே கிடையாது. அதைவிட, உங்கள் பயனர்கள் இருக்கும் ஊர்களுக்கு அருகே அந்நிறுவனத்துக்கு ஊடக சர்வர்கள் உள்ளனவா என்று கேட்பதே பயனுள்ளது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: உரையாடலுக்கு 150 மில்லிநொடி என்ற ஒரு பட்ஜெட் இருக்கிறது. சுருக்குதல், தேக்குதல், தூரம் ஆகிய மூன்றும் அதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. முதல் இரண்டையும் மென்பொருள் கவனித்துக்கொள்ளும். மூன்றாவது சர்வர் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

அடுக்ககத்துக் காவலாளி

இலவசம் என்று சொல்லப்படும் வெப்ஆர்டிசியை இப்போது பார்க்கலாம். கூகுள் நிறுவனம் 2010-இல் ஜிஐபிஎஸ் என்ற ஒலி, காணொளித் தொழில்நுட்ப நிறுவனத்தை விலைக்கு வாங்கி, அடுத்த ஆண்டே வெப்ஆர்டிசியைத் திறந்த மூல மென்பொருளாக வெளியிட்டது. 2021 ஜனவரியில் அது முறையான இணையத் தரநிலை ஆனது. மேலே சொன்ன கோடெக், தொட்டி, தொலைந்த பாக்கெட்டை ஈடுகட்டும் வித்தை, எதிரொலி நீக்கம் ஆகிய அனைத்தும் இன்றைய உலாவிகளுக்குள் இதன் வழியாகவே வந்து உட்கார்ந்திருக்கின்றன. கட்டணம் வாங்கும் தளங்களில் பெரும்பாலானவையும் உள்ளுக்குள் இதையோ இதையொத்த ஓர் இயந்திரத்தையோதான் ஓட்டுகின்றன. ஆக, இலவசம் என்பது உண்மை. ஆனால் இலவசமாகக் கிடைப்பது வண்டி, சாலை நம்முடையதல்ல.

இணையத்தின் பழைய முகவரி முறையில் மொத்தம் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே உள்ளன. அவை போதாததால், ஒரு வீட்டின் அத்தனை கருவிகளும், கைப்பேசி வலையமைப்பில் பெருந்திரளான வாடிக்கையாளர்களும், ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். இந்த ஏற்பாட்டுக்கு நேட் என்று பெயர். நூறு வீடுகள் கொண்ட அடுக்ககத்துக்கு ஒரே கதவு எண்ணும் வாசலில் ஒரு காவலாளியும் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவர் கேட்டு வரவழைத்த பொருளை அவர் அனுமதிப்பார். யாரும் கேட்காமல் வந்ததைத் திருப்பி அனுப்பிவிடுவார். அழைக்கும் இருவருமே இப்படிப்பட்ட அடுக்ககங்களில் இருந்தால், முதல் பாக்கெட் யாருடைய வாசலிலும் நுழையாது.

இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. வெளியே உள்ள ஒரு கடைக்காரரிடம் "என் உறையின் மேல் என்ன முகவரி தெரிகிறது?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை மறுமுனைக்குச் சொல்லி, இருவரும் ஒரே நேரத்தில் அனுப்பத் தொடங்குவது முதலாவது. அந்தக் கடைக்காரரின் பெயர் ஸ்டன் சர்வர். சில காவலாளிகள் இதற்கும் மசிய மாட்டார்கள். அப்போது இருவருக்கும் பொதுவான ஓர் இடத்தில் பொருளைக் கொடுத்து வாங்குவதைத் தவிர வழியில்லை. அந்த இடம் டர்ன் சர்வர். முழு உரையாடலும் அதன் வழியாகவே ஓடுவதால் அதன் தரவுச் செலவு முழுவதும் உங்கள் தலையில் விழும். யுடிபியையே தடுத்துவைத்திருக்கும் அலுவலக வலையமைப்புகளில், பாதுகாப்பான இணையப் பக்கங்கள் பயன்படுத்தும் 443 என்ற வாயில் வழியாக டர்ன் செயல்பட்டால் ஒழிய அழைப்பு இணையாது.

நான் பங்கேற்ற ஒரு திட்டத்தில், ஒரே வைஃபையில் இருந்த இரண்டு கைப்பேசிகளுக்கு இடையே செய்துகாட்டிய அழைப்பு கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்க் கைப்பேசித் தரவில் முயன்றபோது மணி அடித்தது, எடுத்தார்கள், பிறகு கறுப்புத் திரைதான். டர்ன் சர்வர் என்ற ஒன்று தேவை என்பதே அன்றுதான் எங்களுக்கு உறைத்தது. இந்தத் துறையில் ஒரே அறைக்குள் செய்துகாட்டும் வெள்ளோட்டம் எதையும் நிரூபிப்பதில்லை.

யாரை அழைப்பது, மறுமுனையில் மணி அடிக்கச் செய்வது, எந்த முகவரியில் சந்திப்பது என்ற முன்பேச்சுக்குச் சிக்னலிங் என்று பெயர். வெப்ஆர்டிசி இதை வேண்டுமென்றே வரையறுக்காமல் விட்டிருக்கிறது. நீங்களே எழுத வேண்டும், அல்லது வாங்க வேண்டும்.

உதிரிப்பூவும் கதம்பமும்

இருவர் பேசுவதோடு தேவை நின்றுவிட்டால் மேலே சொன்னவையே போதும். பத்துப் பேர் கூடும்போதுதான் தளங்களின் உண்மையான வேறுபாடு தொடங்குகிறது.

ஒவ்வொருவரும் மற்ற எல்லோருக்கும் நேரடியாக அனுப்புவதுதான் முதல் வழி. இதை மெஷ் என்பார்கள். ஒரு காணொளிக்கு நொடிக்கு 1 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால், பத்துப் பேர் கூட்டத்தில் ஒவ்வொரு கைப்பேசியும் ஒன்பது பேருக்கு 9 மெகாபிட் ஏற்றியாக வேண்டும். கைப்பேசி இணைப்புகளில் ஏற்றும் வேகம் இறக்கும் வேகத்தைவிடக் குறைவாகவே இருப்பது வழக்கம், கருவியும் சூடாகும். மூன்று நான்கு பேரைத் தாண்டினால் இந்த வழியை நம்ப முடியாது.

மற்ற இரண்டு வழிகளையும் பூக்கடையைக் கொண்டு புரிந்துகொள்ளலாம். எல்லோரிடமிருந்தும் பூக்களை வாங்கி, ஒரே கதம்பமாகக் கட்டி, ஆளுக்கொரு சரம் கொடுக்கும் கடை ஒன்று. எடுத்துச் செல்பவருக்குச் சுமை குறைவு. கட்டுபவருக்கு வேலை அதிகம். எல்லாக் காணொளிகளையும் விரித்து, ஒரே திரையாகச் சேர்த்து, மீண்டும் சுருக்கி அனுப்பும் இந்தச் சர்வர் எம்சியூ எனப்படும். இன்னொரு கடை எதையும் கட்டுவதில்லை. வந்த பூவை உதிரியாகவே, யாருக்கு எது வேண்டுமோ அதைக் கூடையில் போட்டுக் கொடுத்துவிடும். காணொளியைப் பிரிக்காமல் நகலெடுத்து வழிமாற்றி மட்டும் விடும் இந்தச் சர்வர் எஸ்எஃப்யூ எனப்படும். நீங்கள் ஒருமுறை ஏற்றினால் போதும். மற்ற ஒன்பதையும் தனித்தனியாக இறக்கிக்கொள்வீர்கள்.

இன்று பெரும்பாலான தளங்கள் எஸ்எஃப்யூ முறையையே பின்பற்றுகின்றன. கணினிச் செலவு குறைவு, தாமதமும் குறைவு, திரையில் யாரை எங்கே காட்டுவது என்பதும் செயலியின் விருப்பம். கூடை கனப்பதுதான் இதன் குறை. அதைச் சரிசெய்ய, ஒவ்வொருவரும் தன் காணொளியைப் பெரிது, நடுத்தரம், சிறிது என ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகளில் ஏற்றுவார். யாருடைய இணைப்பு எதைத் தாங்குமோ அதைச் சர்வர் பொறுக்கி அனுப்பும். இதற்குச் சிமல்காஸ்ட் என்று பெயர். பார்க்கும் ஒரு பயனரின் இணைப்பு மோசமானதும் அவருடைய திரையில் மட்டும் படம் மங்குகிறதா, இல்லை எல்லோருடைய திரையிலும் மங்குகிறதா என்று சோதித்துப் பாருங்கள். எல்லோருக்கும் மங்கினால் சிமல்காஸ்ட் அணைந்திருக்கிறது, அல்லது சரியாக அமைக்கப்படவில்லை என்று முதலில் சந்தேகிக்கலாம்.

சுருக்கமாக: இருவருக்கு நேரடி இணைப்பும், அது முடியாதபோது டர்னும்; கூட்டத்துக்கு எஸ்எஃப்யூ; வலுவற்ற கருவிகளுக்கும் ஒரே கோப்பாகப் பதிவு செய்வதற்கும் எம்சியூவின் பாணி.

கட்டணச் சீட்டைப் படிப்பது

ஜிட்சி, ஜேனஸ், மீடியாசூப், லைவ்கிட் போன்ற திறந்த மூல எஸ்எஃப்யூ மென்பொருள்களை நீங்களே உங்கள் சர்வரில் ஓட்டலாம். அகோரா, ட்விலியோ, டெய்லி போன்ற நிறுவனங்களின் சர்வர்களை வாடகைக்கும் எடுக்கலாம். லைவ்கிட்டைப் போல ஒரே மென்பொருள் இரண்டு வடிவிலும் கிடைப்பதும் உண்டு. முதல் வழியில் தரவுக்குப் பணம் கட்டுவீர்கள், இரண்டாவதில் பெரும்பாலும் நிமிடத்துக்குக் கட்டுவீர்கள். எது மலிவு என்பதற்குப் பொதுவான விடை கிடையாது. கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ஓர் ஆசிரியரும் 30 மாணவர்களும் சேர்ந்த 45 நிமிட இணையவகுப்பை எடுத்துக்கொள்வோம். வாடகைத் தளங்களின் அலகு பொதுவாக "பங்கேற்பாளர் நிமிடம்". அதாவது அறையில் எத்தனை பேர், எத்தனை நிமிடம் என்பதன் பெருக்கல். இந்த வகுப்புக்கு 31 பெருக்கல் 45, அதாவது 1,395 நிமிடம். மாதம் 20 வகுப்புக்கு 27,900. ஆயிரம் நிமிடத்துக்கு 100 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் 2,790 ரூபாய். 45 நிமிடத்துக்கு ஒரு கட்டணம் என்று எண்ணிக்கொண்டு திட்டமதிப்பு எழுதுபவர்கள் சறுக்குவது இந்தப் பெருக்கலில்தான்.

அதே வகுப்பைச் சொந்தச் சர்வரில் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். ஆசிரியரின் 1 மெகாபிட் காணொளி மட்டும் 30 பேருக்குச் சென்றால், சர்வரிலிருந்து வெளியேறும் தரவு ஒரு வகுப்புக்கு ஏறத்தாழ 10 ஜிகாபைட். எல்லா மாணவர்களும் கேமராவைத் திறந்து, எல்லோரும் எல்லோரையும் முழு அளவில் பார்த்தால் அதுவே 314 ஜிகாபைட் ஆகிவிடும். வகுப்பு அதே வகுப்பு, நேரமும் அதே நேரம், செலவு மட்டும் 31 மடங்கு. கேமராவை இயல்பாக மூடிவைப்பதா, திரையில் எத்தனை பேரைக் காட்டுவது என்ற வடிவமைப்பு முடிவு, எந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைவிடப் பல நேரங்களில் பெரிய பண முடிவாகிவிடுகிறது. நிமிடக் கணக்குத் தளங்களிலும் இதிலிருந்து முழுமையாகத் தப்ப முடியாது: ஒரு பயனர் ஒரே நேரத்தில் பார்க்கும் எல்லாக் காணொளிகளின் தெளிவுத்திறனையும் கூட்டி அதற்கேற்ற விலைப்படியில் வைக்கும் முறையை அகோரா பின்பற்றுகிறது. பதிவு செய்தல், பேச்சை எழுத்தாக்குதல், தொலைபேசி எண்ணுடன் இணைத்தல் ஆகியவற்றுக்குத் தனிக்கட்டணம் இருக்கும். கடைசியாகச் சொன்னது இந்தியாவில் தொலைத்தொடர்பு உரிம விதிகளுக்கும் உட்பட்டது என்பதால், செயலியை எழுதிய பிறகு விசாரிக்கும் விஷயமாக அதை விட்டுவிடக் கூடாது.

சொந்தச் சர்வர் என்றால், நள்ளிரவில் அது படுத்துவிட்டால் எழுந்து பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆளின் சம்பளம் எந்த ஒப்பீட்டு அட்டவணையிலும் வருவதில்லை.

"பூட்டப்பட்டது" என்ற சொல்

வெப்ஆர்டிசியில் மறையாக்கம், அதாவது சாவி இல்லாதவர் திறக்க முடியாதபடி தரவைப் பூட்டி அனுப்புவது, கட்டாயம்; அணைக்கவே முடியாது. இதை வைத்துக்கொண்டு "எங்கள் அழைப்புகள் முழுமையாகப் பூட்டப்பட்டவை" என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் எஸ்எஃப்யூ நடுவில் இருக்கும்போது, பூட்டு உங்கள் கைப்பேசியிலிருந்து சர்வர் வரைக்கும் ஒன்று, சர்வரிலிருந்து மறுமுனைக்கு இன்னொன்று. நடுவில் சர்வரிடம் சாவி இருக்கிறது. சர்வராலும் திறக்க முடியாதபடி இரு முனைகளிலும் மட்டுமே சாவி இருந்தால்தான் அது முனைக்கு முனை மறையாக்கம். இந்த வேறுபாடு வெறும் சொற்சண்டை அல்ல: சாவி தன்னிடமே இருந்தபோதும் முனைக்கு முனை என்று விளம்பரம் செய்ததாக ஜூம் நிறுவனத்தின் மீது அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் குற்றஞ்சாட்டி, 2020 நவம்பரில் அந்நிறுவனத்துடன் உடன்பாட்டுக்கு வந்தது.

மருத்துவ ஆலோசனை, சட்ட ஆலோசனை போன்றவற்றுக்கு முனைக்கு முனை வேண்டும் என்று கேட்பது நியாயம்தான். ஆனால் சர்வரால் திறக்க முடியாத காணொளியைச் சர்வரால் பதிவு செய்யவும் முடியாது, எழுத்தாக்கவும் முடியாது. "முனைக்கு முனை மறையாக்கம், கூடவே சர்வரில் பதிவு" என்ற இரண்டும் ஒரே தேவைப் பட்டியலில் இருந்தால், எது உண்மையில் வேண்டும் என்று வாடிக்கையாளரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

மணி அடிக்கிறதா, மாற முடிகிறதா

தளங்களை ஒப்பிடுபவர்கள் காணொளியின் தெளிவைப் பார்க்கிறார்கள். செயலி மூடியிருக்கும்போது அழைப்பு மணி அடிக்கிறதா என்று பார்ப்பதில்லை. 2019-இல் வந்த ஐஓஎஸ் 13 முதல், அழைப்புக்கான சிறப்பு அறிவிப்பு வந்தவுடன் செயலி அதைக் கைப்பேசியின் அழைப்புத் திரைக்கு உடனே தெரிவித்தாக வேண்டும். தவறினால் ஆப்பிளின் இயங்குதளம் செயலியை நிறுத்திவிடும். ஆண்ட்ராய்டில் பேட்டரியைச் சேமிக்கும் ஏற்பாடுகள் கைப்பேசிக்குக் கைப்பேசி வேறுபட்டு, இதே இடத்தில் தொல்லை கொடுக்கின்றன. தளத்தின் எஸ்டிகே இதில் எவ்வளவு கைகொடுக்கிறது என்பதை ஆவணத்தில் படித்தால் போதாது. விலை குறைந்த ஒரு கைப்பேசியை இரவு முழுவதும் தொடாமல் வைத்துவிட்டுக் காலையில் அழைத்துப் பார்க்க வேண்டும். ஓடும் ரயிலில், கைப்பேசித் தரவில், வைஃபையிலிருந்து தரவுக்கு மாறும் கணத்தில் என்று சோதனைகளையும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

ட்விலியோ நிறுவனம் தன் காணொளிச் சேவையை ஓராண்டில் நிறுத்தப்போவதாக 2023 டிசம்பரில் அறிவித்தது. அதன்மேல் செயலிகளைக் கட்டியிருந்தவர்கள் மாற்றுத் தளம் தேடத் தொடங்கினர். சில மாதங்களில் கெடு நீட்டிக்கப்பட்டது. 2024 அக்டோபரில் நிறுவனம் முடிவையே மாற்றிக்கொண்டு சேவை தொடரும் என்றது. அதற்குள் இடம் மாறியவர்கள் மாறிவிட்டிருந்தார்கள். எஸ்டிகேயின் கட்டளைகளைச் செயலி முழுவதும் தூவிவைத்தவர்களுக்கு அது மாதக்கணக்கான வேலை. அறையில் சேர், கேமராவைத் திற, ஒலியை மூடு, வெளியேறு என்ற நான்கைந்து செயல்களுக்கு மட்டும் தங்கள் சொந்தப் பெயரில் ஒரு மெல்லிய அடுக்கை எழுதி, தளத்தின் கட்டளைகளை அதற்குள்ளேயே அடைத்துவைத்தவர்களுக்கோ, திருத்த வேண்டிய இடம் அந்த ஓர் அடுக்கோடு பெரும்பாலும் முடிந்துவிடும்.